முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டைக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கல்லூரி நாட்களிலிருந்து வாலிபால் ஆடுகிறேன். ஒரு மேட்சில் பிளாக் செய்ய எம்பிக் குதித்து இறங்கும்போது இடது முட்டி உள்பக்கமாக மடங்கி, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் இணைக்கும் ஏசிஎல் ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது. அந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸிலும் கிழிசல். பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வு வைத்து, மெனிஸ்கஸையும் தைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து 24 நாள் ஆகிறது. பிரேஸ் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு நடக்கிறேன். அசையாமல் இருப்பதால் குண்டாகிவிடுவேனோ என்ற பயத்தில் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் கொஞ்சம் சோறு, காய்கறி, ஒரு கரண்டி பருப்பு, மாலையில் டீ, இரண்டு பிஸ்கட், ராத்திரி ஒரு ஆப்பிள், அவ்வளவுதான். 60 கிலோ இருந்தவள் 58-க்கு வந்துவிட்டேன். ஆனால் ஆபரேஷன் செய்த காலின் தொடை சூம்பிப்போன மாதிரி இருக்கிறது. மலச்சிக்கல் பாடாய்ப்படுத்துகிறது. இந்த மாதம் பீரியட்ஸ் வேறு பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. டீமில் இருக்கும் தோழி கொலாஜன் பவுடர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அம்மா எலும்பு சூப் குடி என்கிறார். எது நல்லது? ஆறாவது மாதம் ஒரு டோர்னமென்ட் இருக்கிறது. அதற்குள் ஆடத் தயாராகிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரியே இரவுச் சாப்பாட்டை மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சூம்பிய தொடையைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிட அந்த 58 கிலோதான் கவலை தருகிறது. எடை குறைந்ததில் உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் இருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. விளையாட்டுக்காரர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். ஜவ்வு ஆபரேஷன் முடித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்: ஓட்டமும் இல்லை, ஆட்டமும் இல்லை, அப்படியானால் சோறு எதற்கு? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் உடம்புக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போகிறது. எலும்பில் துளை போட்டுப் புது ஜவ்வைப் பதித்திருக்கிறார்கள். அது எலும்போடு ஒட்ட வேண்டும். தசைநாண் எடுத்த இடம் ஆற வேண்டும். மெனிஸ்கஸ் தையல் கூட வேண்டும். மேலே தோலும் மூட வேண்டும். இவ்வளவுக்கும் சக்தி சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களில் சும்மா படுத்திருக்கும்போதே உடம்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கலோரி எரிக்கிறது. ஊன்றுகோலோடு நடப்பதற்குச் சாதாரண நடையைப்போல இரண்டு மடங்கு சக்திகூடப் பிடிக்கும். பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது என்று பலரும் சொல்வது இதனால்தான். ஆடிக்கொண்டிருந்த நாட்களைவிட இப்போது தேவை குறைவு என்பது சரி. நீங்கள் நினைத்த அளவுக்குக் குறையவில்லை என்பதுதான் விஷயம்.

உங்கள் எடைக்கு இந்தக் கட்டத்தில் ஒரு நாளைக்கு 1,800 முதல் 2,100 கலோரி வரை வைத்துக்கொள்வது நல்ல ஆரம்பம். நீங்கள் எழுதிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் 1,000-ஐத் தொடுவதே கஷ்டம். இவ்வளவு பற்றாக்குறை வந்தால் உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்காது, தசையையும் கரைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். வேலையில்லாமல் கிடக்கும் தசைக்குத்தான் அதில் சேதம் அதிகம். உங்கள் உடம்பில் இப்போது அப்படிக் கிடப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பீரியட்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, ஆபரேஷன் தரும் அதிர்ச்சி, இவற்றாலேயே ஒரு சுற்று தள்ளிப்போகலாம். ஆனால் போதுமான அளவு சாப்பிடாத விளையாட்டு வீராங்கனைகளுக்கு மாதவிடாய் தாறுமாறாவது நன்கு தெரிந்த அறிகுறி. இதைக் கவனிக்க வேண்டும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே ஒரு அறிக்கை வெளியிட்டது. சாப்பாடு போதாதபோது உடம்பு இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைத்துக்கொள்ளும். அது நீடித்தால் எலும்பு பலவீனமாகும். புது ஜவ்வு ஒட்ட வேண்டிய எலும்பும் அதில் அடக்கம். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். சாப்பாட்டைச் சரிசெய்த பிறகும் அடுத்த சுற்று வரவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஒன்று மட்டும் செய்யவே வேண்டாம்: பீரியட்ஸ் வரவைக்க என்று மருந்துக்கடையில் கேட்டு ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். சில ஹார்மோன் மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். காலில் ஆபரேஷன் ஆன நேரத்தில் அந்த அபாயம் ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது.

சரி, தொடைக்கு வருவோம். அது சூம்பியதற்கு நீங்கள் குறைவாகச் சாப்பிட்டது மட்டுமே காரணம் என்று நினைத்துக் குற்ற உணர்ச்சியில் விழ வேண்டாம். முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால், அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி முன்தொடைத் தசையை அடக்கி வைத்துவிடும். மெயின் சுவிட்சை யாரோ அணைத்துவிட்ட மாதிரி, நீங்கள் இறுக்கப் பார்த்தாலும் தசை ஒத்துழைக்காது. வெறும் 20, 30 மில்லி திரவம் முட்டிக்குள் இருந்தாலே முட்டிக்குச் சற்று மேலே உள்பக்கம் இருக்கும் தசை மந்தமாகிவிடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதோடு அசைவின்மையும் சேர்ந்துகொள்கிறது. ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை அசையாமல் கட்டிவைத்துச் செய்த ஆய்வில், ஐந்தே நாளில் முன்தொடைத் தசையின் பருமன் சுமார் 3.5 சதவீதமும் பலம் சுமார் 9 சதவீதமும் குறைந்தன. இரண்டு வாரத்தில் பருமன் 8 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, பலத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. காயமே படாத காலில் இந்த நிலைமை என்றால், கத்தி பட்ட காலைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. பருமனைவிடப் பலம் வேகமாகக் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணாடியில் தெரிவதைவிட நிஜமான இழப்பு அதிகம்.

அதனால் வீக்கத்தை இறக்குவதும் தசையைத் தட்டி எழுப்புவதும் சாப்பாட்டுக்குச் சமமான வேலைகள். பிசியோ சொல்லிக்கொடுத்திருப்பார், இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டிக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது. இடது கையை முட்டிச்சில்லுக்கு மேலே, தொடையின் உள்பக்கம் வைத்துக்கொண்டு, முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலை நோக்கி அழுத்துங்கள். கைக்கு அடியில் தசை கல்லு மாதிரி இறுகினால் சரியாகச் செய்கிறீர்கள். கொழகொழவென்றே இருந்தால் வலது தொடையில் ஒருமுறை செய்து, அது கையில் எப்படித் தெரிகிறது என்று உணர்ந்துவிட்டு மறுபடி இடதுக்கு வாருங்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய் அப்புறம் முழுசாக நீட்ட முடியாமல் போகும். மெனிஸ்கஸில் தையல் இருப்பதால் எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதில் உங்கள் சர்ஜன் சொன்னதுதான் கடைசி வார்த்தை. இணையத்தில் பார்த்த உட்கார்ந்து எழும் பயிற்சிகளை இப்போது தொடாதீர்கள்.

இப்போது தட்டுக்கு வருவோம். சாதாரண ஆரோக்கியத்தோடு நடமாடும் ஒருவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது குறைந்தபட்ச அளவு. 60 கிலோவுக்கு 48 கிராம். நீங்கள் இப்போது சாப்பிடுவதில் 25, 30 கிராமுக்கு மேல் தேறாது. காயத்திலிருந்து மீளும் விளையாட்டுக்காரர்களுக்கு நாங்கள் வைக்கும் அளவு கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை, அதாவது உங்களுக்கு 96 முதல் 120 கிராம். 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், நினைவில் நிற்கும். கணக்கு போடும்போது பழைய எடையான 60-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு இந்த அளவால் சிறுநீரகம் கெடும் என்ற பயம் தேவையில்லை. கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது.

இந்த 100 கிராமை ஒரே வேளையில் அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அசையாமல் இருக்கும் தசை சாப்பாட்டுப் புரதத்தை வழக்கத்தைவிட மந்தமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு வேளைக்கு 20 முதல் 30 கிராம் என்று, மூன்று நான்கு மணி நேர இடைவெளியில் பரப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் காலை ஓட்ஸையே எடுத்துக்கொள்வோம். தண்ணீருக்குப் பதில் 200 மில்லி பாலில் காய்ச்சினால் ஓட்ஸில் 5 கிராம், பாலில் 7. கூட இரண்டு முட்டை சாப்பிட்டால் 12. மொத்தம் 24 வந்துவிட்டது. மஞ்சள் கருவைத் தூக்கிப்போட வேண்டாம், முட்டையின் புரதத்தில் கிட்டத்தட்ட பாதி அதில்தான் இருக்கிறது. மதியம் 100 கிராம் சமைத்த மீனோ கோழியோ இருந்தால் 22-லிருந்து 30 கிராம் வரை வந்துவிடும். அசைவம் இல்லாத நாளில் அந்த ஒரு கரண்டிப் பருப்பு போதாது. கெட்டியாக வெந்த பருப்போ கொண்டைக்கடலையோ ஒரு கிண்ணம் நிறைய வேண்டும். அதில் 15 கிராமுக்கு மேல் இருக்கும். 200 கிராம் தயிர் சேர்த்தால் இன்னும் 7. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் ஒரு டம்ளர் பாலும் 14 கிராம் தரும். இரவு மறுபடி 25 கிராம்: முட்டை, பனீர், சோயா, மீன், எது கைக்கு வருகிறதோ அது. படுக்கும் முன் இன்னொரு டம்ளர் பால். பெரிய சமையல் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள்.

சோற்றையும் ரொட்டியையும் விரோதியாகப் பார்க்காதீர்கள். மாவுச்சத்து போதாவிட்டால் சாப்பிட்ட புரதத்தையே உடம்பு எரிபொருளாக எரித்துவிடும். பிசியோ இருக்கும் நாளில் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிடுங்கள். பயிற்சி முடிந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வேளைச் சாப்பாடு வருகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொண்டால் நல்லது. தசையின் மந்தத்தைப் போக்குவதில் பயிற்சியும் புரதமும் சேர்ந்து வரும்போதுதான் முழுப் பலன்.

இதையெல்லாம் எழுதுவது சுலபம், ஊன்றுகோல் வைத்திருப்பவருக்குச் செய்வது கஷ்டம் என்று தெரியும். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருந்தால் ஒரு தட்டைக்கூடத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால்தான் பலரும் கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டுகிற பிஸ்கட் பாக்கெட்டோடு நாளை ஓட்டுகிறார்கள். தோளில் மாட்டும் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் தயிரோ வேகவைத்த கடலையோ, ஃபிளாஸ்க்கில் பால், ஒரு தண்ணீர் பாட்டில், எல்லாம் பைக்குள் போய்விடும். வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது நாலு முட்டையை அவித்து ஃபிரிட்ஜில் எட்டும் உயரத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நின்று சமைக்கும் ஆசையைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். அரைமணி நேரம் அடுப்பு முன் நின்றாலே சாயங்காலம் முட்டி வீங்கிவிடும்.

மலச்சிக்கலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். அசைவு குறைவு, சாப்பாடு குறைவு, இவற்றோடு டிராமடால், கோடீன் மாதிரி வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அவையும் குடலை மந்தமாக்கும். நீங்கள் எழுதாத இன்னொரு காரணமும் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்: பாத்ரூமுக்கு எழுந்து போகும் அவதிக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்திருப்பீர்கள். ஏறக்குறைய எல்லோரும் செய்வதுதான். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். ராத்திரி எழுந்திருக்கக் கஷ்டமென்றால் பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுங்கள். பழம், கீரை, முழுப்பருப்பு, தவிடு நீக்காத தானியம் என்று நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்து வர வேண்டும். ஆனால் படிப்படியாக ஏற்றுங்கள், ஒரேயடியாக ஏற்றினால் வயிறு உப்பும். நாலு நாள் பார்த்தும் வழிக்கு வராவிட்டால் மருத்துவரிடம் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரையை ராத்திரி வெறும் ஆப்பிளோடு போட்டுக்கொண்டிருந்தால் வயிற்றுக்கு அது நல்லதே இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இது இன்னொரு காரணம்.

கொலாஜன் பவுடர் பற்றி. ஜவ்வு கொலாஜனால் ஆனது, ஆகவே கொலாஜனைச் சாப்பிட்டால் ஜவ்வு வளரும் என்பது விளம்பரக்காரர்களுக்கு வசதியான தர்க்கம். வயிற்றுக்குள் போன கொலாஜன் மற்ற புரதம் மாதிரியே துண்டுதுண்டாக உடைகிறது. அந்தத் துண்டுகள் நேராக இடது முட்டிக்குப் போய்ச் சேரும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2017-இல் வெளியான ஒரு ஆய்வில் 8 ஆண்களுக்கு, கொலாஜனிலிருந்து கிடைக்கும் ஜெலட்டினை 15 கிராம் வைட்டமின் சி-யோடு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டச் சொன்னார்கள். கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் ரத்த அளவு இரண்டு மடங்கானது. சுவாரஸ்யமான சேதிதான். ஆனால் அதில் யாருக்கும் ஜவ்வு ஆபரேஷன் நடக்கவில்லை, யாருடைய முட்டியும் சீக்கிரம் ஆறியதாக அது காட்டவும் இல்லை. தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் கொலாஜனில் குறைவு என்பதால் அதை 100 கிராம் கணக்கில் சேர்க்காதீர்கள். தோழி அன்போடு வாங்கிக் கொடுத்ததை பிசியோ பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு ஆரஞ்சோடு சேர்த்துக் குடித்து முடியுங்கள். தீர்ந்ததும் மறுபடி வாங்க வேண்டாம், அந்தக் காசு முட்டைக்கும் மீனுக்கும் போகட்டும்.

அம்மாவின் சூப்பும் கிட்டத்தட்ட அதே கதைதான். எலும்பில் இருப்பதெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடாது. கால்சியம் சொற்பம்தான் வரும். ஆனால் பசி மந்தமாக இருக்கும் நாளில் சூடான சூப் உள்ளே இறங்கும், நீர்ச்சத்தும் கிடைக்கும். அதில் கோழித்துண்டோ பருப்போ போட்டுத் தரச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

புரத பவுடர் வேண்டுமா என்று கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். சாப்பாட்டில் 100 கிராம் வராத நாளில் பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதம் ஒரு அளவுக் கரண்டி, 20 கிராம் சொச்சம், தாராளமாகச் சேர்க்கலாம். போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனை இருக்கும் மட்டத்தில் ஆடுபவராக இருந்தால், அதற்கென்று ஆய்வகத்தில் சோதித்த தயாரிப்பை மட்டும் வாங்குங்கள். தசைப் பலத்துக்கு என்று விற்கும் கிரியாட்டின் பவுடர் பற்றி: ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கால் பலம் திரும்புவதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மீன் எண்ணெய், மூலிகை மாத்திரைகளை அதிக அளவில் எடுக்கும் எண்ணம் இருந்தால் சர்ஜனிடம் சொல்லிவிட்டு எடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தால் கட்டாயமாக. வீக்கத்தைக் குறைக்கும் உணவு என்று வரும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆரம்ப வாரங்களில் அழற்சி இல்லாமல் காயம் ஆறவே ஆறாது.

வைட்டமின் சி இல்லாமல் உடம்பால் கொலாஜனைச் சரியாகப் பின்ன முடியாது என்பது மட்டும் ஐயமில்லாத உண்மை. அதற்கு மாத்திரை தேவையில்லை, தினமும் ஒரு ஆரஞ்சோ கொய்யாவோ போதும். சிகரெட், மது பழக்கம் இருந்தால் இந்த ஆண்டு முழுக்கத் தள்ளி வையுங்கள். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். மது தசை உருவாவதை மட்டுப்படுத்துவதோடு வலி மாத்திரைகளோடும் சேராது.

அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கும்போது வைட்டமின் டி, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவருக்கு வைட்டமின் டி குறைவது சகஜம். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருந்தாகவே எடுக்க வேண்டியிருக்கும், அளவை மருத்துவர் சொல்லட்டும். மாதவிடாய் உள்ள விளையாட்டு வீராங்கனைகளுக்கு இரும்புச் சேமிப்பு குறைவது இன்னும் சகஜம். பயிற்சியில் சீக்கிரம் களைத்துப்போனால் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம். ஆனால் சோதனை செய்யாமல் இரும்பு மாத்திரை போட வேண்டாம், மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். மாலை டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளியே குடியுங்கள், டீ இரும்பை உள்ளே போக விடாது.

எடை பார்க்கும் மெஷினைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். தசை குறைந்து கொழுப்பு ஏறினாலும் அது 58 என்றே காட்டும், தசை வந்து 60 ஆனால் உங்களைப் பயமுறுத்தும். பதிலாக ஒரு தையல் டேப் எடுங்கள். மல்லாந்து படுத்து, காலைத் தளர்வாக நீட்டி, முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அதற்குக் கீழே அளந்தால் வீக்கமும் சேர்ந்து கணக்கு தப்பும். அந்தக் கோட்டில் டேப்பைச் சுற்றி, இறுக்காமல், இரண்டு தொடையையும் அளந்து எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை போதும். முதல் மாதங்களில் வித்தியாசம் மெதுவாகத்தான் குறையும். குறையாமல் நின்றுவிட்டால் பிசியோவிடமும் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள். மூன்றாவது மாதத்துக்கு மேல் எடைப் பயிற்சி, சைக்கிள் என்று வேலை ஏறும்போது சாப்பாட்டையும் கூடவே ஏற்ற வேண்டும். அப்போதும் இப்போதைய அளவிலேயே நின்றுவிடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இவை எல்லாமே வழக்கமாக ஆறிவரும் காலுக்குத்தான் பொருந்தும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தாலோ, ரத்தக்கட்டாக இருக்கலாம். ராத்திரி எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், தையலில் சிவப்பு, கசிவு, நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் அன்றே சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக டோர்னமென்ட். ஆறாவது மாதம் ஆட வேண்டாம். இது என் தயக்கம் மட்டும் இல்லை. 2016-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முன்தொடையின் பலம் மறுகாலோடு ஒப்பிட 90 சதவீதத்துக்கு வந்த பிறகு இறங்கியவர்களுக்கும் அடி குறைவு. ஒரு விசித்திரம் என்னவென்றால், வைத்த ஜவ்வு 6 முதல் 12 வாரம் வரை உள்ளுக்குள் ரொம்பப் பலவீனமாக இருக்கும், உங்களுக்கோ அந்தச் சமயத்தில்தான் வலி போய் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். அந்த வாரங்களில் குதித்துப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஒன்பதாவது மாதம் காலின் பலத்தை அளந்து பார்த்து, சர்ஜனும் பிசியோவும் சரி என்றால் இறங்கலாம். அதுவரை ஆட முடியாது என்று கோச்சிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அவரும் மாற்று ஆள் பார்க்க வேண்டும். டோர்னமென்டுக்கு டீமோடு கட்டாயம் போய் வாருங்கள். ஸ்கோர் ஷீட் எழுத எந்த டீமிலும் ஆள் கிடைப்பதில்லை.